எடிக்குக் கடைசிவரை தெரியாது: ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று நான்கு நாளாக மனசைப் போட்டு அரித்துக்கொண்டே இருக்கிறது. திருப்பூரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"அண்ணா, நடிப்பு என்றால் கேட்பது என்று ஒரு பேச்சில் சொன்னீர்கள். அதில் நீங்கள் பெயர் சொன்னதால் 'தி ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் எடி கோய்ல்' படத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு சந்தேகம். ராபர்ட் மிட்சம் இதில் எதுவுமே செய்யவில்லையே, இதை எப்படிப் பெரிய நடிப்பு என்கிறீர்கள்? இன்னொன்று, தன்னை மாட்டிவிட்டது யார், கொல்லப்போவது யார் என்று எடிக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. கதாநாயகனுக்கே தெரியாத துரோகம் பார்க்கிற எனக்கு எப்படி வலிக்கும்? இது திரைக்கதைக் குறைதானே?"

முதல் சந்தேகம் எனக்குப் பழக்கமானது. நம் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்கிறவர்களுக்கும் பழக்கமானதுதான். இரண்டாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. குறை இல்லை என்று உள்ளே தெரிகிறது. ஆனால் ஏன் இல்லை என்று சொல்ல உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. நான்கு நாள் அதற்குத்தான் ஆயிற்று.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லப்போகிறேன், அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. பார்த்துவிட்டு வருகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

1973-இல் வந்த படம். ஊர் அமெரிக்காவில் பாஸ்டன். எடியாக வருபவர் ராபர்ட் மிட்சம். எடி ஐம்பது வயதைத் தொட்ட ஒரு சில்லறைக் குற்றவாளி. திருட்டு விஸ்கி ஏற்றிய லாரியை ஓட்டிப்போய்ப் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் மாட்டிக்கொண்டவர். குற்றம் உறுதியாகிவிட்டது, தண்டனை எத்தனை நாள் என்பதுதான் பாக்கி. உள்ளே போனால் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அரசாங்க உதவிப் பணத்தில் வாழ வேண்டிவரும். அதை அவரால் தாங்க முடியாது. அதனால் ஃபோலி என்கிற மத்திய அரசு அதிகாரியிடம் ஏதாவது துப்புச் சொல்லித் தண்டனையைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறார். இன்னொரு பக்கம் வங்கிக் கொள்ளைக் கும்பல் ஒன்றுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கும் வேலையும் ஓடிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கி விற்கிற ஜாக்கி பிரவுன் என்ற பையனை ஃபோலியிடம் காட்டிக் கொடுக்கிறார். அது போதாது, இன்னும் வேண்டும் என்கிறார்கள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கொள்ளைக் கும்பலையும் சொல்லிவிடலாம் என்று போனால் அவர்கள் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டார்கள். வேறொருவர் முந்திக்கொண்டார். அந்த வேறொருவர் டில்லன். மதுக்கடை நடத்துகிறவர், எடியின் சிநேகிதர். எடிதான் சொல்லியிருப்பார் என்று குற்ற உலகில் மேலே இருப்பவர்கள் முடிவு கட்டி, அவரைத் தீர்த்துக்கட்டும் வேலையை டில்லனிடமே கொடுக்கிறார்கள். டில்லன் எடியை ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குக் கூட்டிப்போகிறார், பீர் வாங்கிக் கொடுக்கிறார், திரும்பும் வழியில் காரில் தூங்கிக்கொண்டிருப்பவரைத் தலையில் சுடுகிறார்.

அவ்வளவுதான் கதை. படத்தின் பெயரோ எடியின் நண்பர்கள்.

சரி, முதல் சந்தேகம். மிட்சம் எதுவுமே செய்யவில்லை என்கிறீர்கள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக் காட்சி வரும். அதை மறுபடி பாருங்கள். எடி தட்டோடு வந்து ஜாக்கி பிரவுனுக்கு எதிரே உட்காருகிறார். பையனுக்கு வாய் ஜாஸ்தி, தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. எடி தன் கையைக் காட்டுகிறார். விரல் முட்டிகள் மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகம் இருக்கின்றன. முன்பு ஒருவருக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று போலீஸ் கண்டுபிடித்துவிட்டது, வாங்கியவர் நீண்ட காலம் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேர் எடியைத் தேடி வந்தார்கள். உன்மேல் எங்களுக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை, ஆனால் செய்யவேண்டியதைச் செய்துதான் ஆகவேண்டும் என்றார்கள். மேஜை இழுப்பறையில் கையை வைக்கச் சொன்னார்கள். ஒருவன் இழுப்பறையை எட்டி உதைத்து மூடினான்.

இதை மிட்சம் எப்படிச் சொல்கிறார் என்பதுதான் விஷயம். குரலில் ஏற்றம் இல்லை, கண்ணில் தண்ணீர் இல்லை. போன வருஷம் வீட்டுக்கு ஓடு மாற்றிய கதையைச் சொல்வது போலச் சொல்கிறார். நடுவில் சின்ன வயதுக் கதை ஒன்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வேதபாடத்தில் ஒரு கன்னியாஸ்திரீ கையை நீட்டச் சொல்லி அடிக்கோலால் அடிப்பாராம். ஒருநாள் எடி நீட்ட மாட்டேன் என்றாராம், அதே அடிக்கோலால் முகத்திலேயே விழுந்ததாம். கையை நீட்டினாலும் அடி, நீட்டாவிட்டாலும் அடி. ஐம்பது வருஷ வாழ்க்கை அந்த ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறது. மிட்சம் அதை அடிக்கோடு போட்டுக் காட்டவில்லை. சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

இப்போது எதிரே இருக்கிற பையனைப் பாருங்கள். ஸ்டீவன் கீட்ஸ் என்ற நடிகர், அப்போது இருபத்தேழு வயது இருக்கும். அவர் கேட்கிறார். முதலில் இந்தக் கிழவன் என்ன உளறுகிறான் என்ற பார்வை. அப்புறம் அந்தக் கைமேல் கண் போகிறது. நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, நடிப்பு என்றால் கேட்பது என்று, அது இதுதான். பேசுகிற மிட்சம் அமைதியாகப் பேச முடிவதற்குக் காரணம், பயப்படுகிற வேலையைக் கேட்கிறவர் ஏற்றுக்கொண்டதுதான். இரண்டு பேரும் பயத்தைக் காட்டியிருந்தால் காட்சி செத்திருக்கும்.

எனக்கு இந்தக் காட்சி ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்று சொல்கிறேன். எங்கள் பெரியப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டினார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், வெளிமாநிலத்திலிருந்து வந்தபோது லோடு ஒன்று, காகிதம் ஒன்றாக இருந்து ஒரு செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டார். லோடு யாருடையது என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்குப் போய்வந்தார். போகிற நாளில் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து முந்தின இரவே கொடியில் போட்டிருப்பார். திரும்பி வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிப்பார். நான்காக மடித்து, பிரித்து, மறுபடி நான்காக. பெரியம்மா என்ன ஆச்சு என்று கேட்டால், அடுத்த மாசம் என்பார். அவ்வளவுதான் பேச்சு.

பல வருஷம் கழித்து மிட்சம் அந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்காருவதைப் பார்த்தபோது எனக்கு அந்தத் துண்டுதான் கண்ணில் வந்தது. தலைக்குமேல் கத்தி தொங்குகிற மனிதர்கள் கத்துவதில்லை, தங்கச்சி. களைத்துப் போயிருப்பார்கள். தினமும் அதையே சுமந்து சுமந்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மிட்சம் அந்தக் களைப்பை உடம்பில் வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. இளமையில் நாடோடியாகத் திரிந்தவர், கஞ்சா வழக்கில் சிறைக்குப் போனவர். 'தி நைட் ஆஃப் தி ஹன்ட்டர்', 'கேப் ஃபியர்' படங்களில் நம்மை நடுங்க வைத்தவர். அந்த அகன்ற தோளும் பாதி மூடிய கண்ணும் அவருடைய சொத்து. இந்தப் படத்தில் அந்தச் சொத்தை அவர் வெளியே எடுக்கவே இல்லை. சாலையில் பார்த்தால் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டீர்கள், அப்படி ஒரு ஆளாக வந்து போகிறார். அத்தனை பெரிய நட்சத்திரம் தன்னை இப்படி மறைத்துக்கொள்வதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வருஷப் படங்களுக்கான ஆஸ்கரில் சிறந்த நடிகர் பட்டியலில் பிராண்டோ இருந்தார், அல் பசினோ இருந்தார், நிக்கல்சன், ரெட்ஃபோர்ட் இருந்தார்கள். ஜாக் லெம்மன் வாங்கினார். மிட்சம் பெயர் பட்டியலிலேயே இல்லை. வாழ்நாள் முழுக்க அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பரிந்துரை, அதுவும் 1945-இல் வந்த ஒரு போர்ப் படத்துக்காக, துணை நடிகர் பிரிவில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

படம் ஏன் ஓடவில்லை என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறீர்கள். முந்தின வருஷம்தான் 'தி காட்ஃபாதர்' வந்திருந்தது. குற்றவாளி என்றால் ராஜா, அவனுக்கு ஒரு அரண்மனை, வாசலில் காத்துக் கிடக்கும் கூட்டம் என்று பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, மளிகைக் கடனைப் பற்றிக் கவலைப்படுகிற குற்றவாளி எப்படிப் பிடிப்பான்? இத்தனைக்கும் 'காட்ஃபாதர்' படத்தில் மோ கிரீனாக வந்து மசாஜ் மேஜையில் கண்ணில் குண்டு வாங்கிச் சாகிறாரே அலெக்ஸ் ராக்கோ, அவர் இதிலும் இருக்கிறார், கொள்ளைக் கும்பலின் ஸ்கேலிசாக. அவர் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் பிறந்தவர். அந்த முகம் ஊருக்கே சொந்தமான முகம்.

இயக்குநர் பீட்டர் யேட்ஸ். 1968-இல் 'புல்லிட்' எடுத்தவர். சான் ஃபிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் கார்கள் பறக்கிற அந்தத் துரத்தலை எடுத்த கை, இங்கே ஆட்களை மேஜைக்கு எதிரெதிராக உட்கார வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. இலையுதிர்ந்த மரம், கார் நிறுத்துமிடம், சாயம் போன வானம், அதில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். மூலக்கதை ஜார்ஜ் வி. ஹிக்கின்ஸ் எழுதிய நாவல். அவர் பாஸ்டனில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். நாவலில் பெரும்பகுதி வெறும் பேச்சுதான். குற்றவாளிகளோடும் போலீசோடும் பழகிய காது எழுதிய பேச்சு. பேச்சைத் தவிர வேறொன்றும் இல்லாத படத்தில் கேட்கத் தெரிந்த நடிகர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மறுபடியும் அங்கேயேதான் வருகிறேன், மன்னிக்கவும். ஆனால் அதுதான் இந்தப் படத்தின் உயிர்.

சரி, இப்போது இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். கதாநாயகனுக்குத் தெரியாத துரோகம் எப்படி வலிக்கும்?

மூன்றாம் நாள் ராத்திரி எனக்குத் தோன்றியது, இந்தக் கதை நமக்குப் பழைய கதை. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை நினைத்துப் பாருங்கள். கோவலன் சிலம்பை விற்க மதுரைக் கடைத்தெருவுக்குப் போகிறான். பொற்கொல்லன் எதிரே வருகிறான். அவன்தான் அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவன். அது கோவலனுக்குத் தெரியாது. பொற்கொல்லன் மரியாதையாகப் பேசுகிறான். இது அரசிக்கே ஏற்ற சிலம்பு, நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், நீங்கள் என் குடிசைப் பக்கம் இருங்கள் என்கிறான். கோவலன் அங்கேயே காத்திருக்கிறான். திருடன் அரண்மனைக்குப் போய், கள்வன் என் இடத்தில் இருக்கிறான் என்று சொல்கிறான். காவலர்கள் வருகிறார்கள். குடித்திருந்த ஒருவன் வாளை வீசுகிறான். முடிந்தது.

கோவலனுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. சிலம்பின் விலையைப் பேச யாரோ வருகிறார்கள் என்ற நினைப்பிலேயே போய்விட்டான். இளங்கோ நினைத்திருந்தால் கடைசி மூச்சில் அவனுக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம். அடப் பாவி, நீயா, என்று. கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் வலி கோவலனோடு போயிருக்கும். கொடுக்காததால் அது நம்மிடம் தங்கிவிட்டது. அத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்தக் காதையைப் படிக்கும்போது, காத்திருக்காதே, எழுந்து போய்விடு என்று நாம்தான் உள்ளுக்குள் கத்துகிறோம்.

டில்லனும் அந்தப் பொற்கொல்லன் மாதிரிதான். தான் செய்ததை அடுத்தவன் தலையில் விழவிடுகிறான், அவனைக் காத்திருக்கவும் வைக்கிறான்.

இப்போது அந்த ஹாக்கி ஆட்டக் காட்சி. பாஸ்டன் கார்டன் அரங்கம், புரூயின்ஸ் அணி ஆடுகிறது. எடிக்குப் போதை ஏறிவிட்டது. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சந்தோஷமாக இருக்கிறார். கீழே நாலாம் நம்பர் போட்டுக்கொண்டு பாபி ஆர் ஆடுகிறான். இருபத்துநாலு வயசுதான், உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரன், இவனுக்கு எப்பேர்ப்பட்ட எதிர்காலம் என்று எடி வியந்து போகிறார். இன்னும் ஒரு மணி நேரம்கூட மிச்சம் இல்லாத மனிதர் அடுத்தவன் எதிர்காலத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார். பொறாமை துளியும் இல்லை. மிட்சம் முகத்தில் அந்தச் சிரிப்பு வருகிறதே, படம் முழுக்க அடக்கி வைத்திருந்தது அதற்காகத்தான். எதுவும் செய்யவில்லை என்று சொன்னீர்களே, இந்த ஒரு சிரிப்புக்காகத்தான் தங்கச்சி அவர் ஒன்றரை மணி நேரம் எதையும் செய்யாமல் இருந்தார்.

இதில் படம் எடுத்தவர்களுக்கே அப்போது தெரிந்திருக்க முடியாத ஒன்றும் சேர்ந்துகொண்டது. பாபி ஆரின் முழங்கால் கெட்டு, அறுவை சிகிச்சைமேல் அறுவை சிகிச்சையாகி, முப்பது வயதில் 1978-இல் ஆட்டத்தை விட்டுவிட்டார். இன்றைக்கு அந்தக் காட்சியைப் பார்க்கிறவர்களுக்கு அந்த எதிர்காலமும் தெரியும்.

அந்தக் காட்சியில் நமக்குத் தெரியும், டில்லனுக்குத் தெரியும், காரை ஓட்டுவதற்காக டில்லனோடு வந்து உட்கார்ந்திருக்கிற பையனுக்குத் தெரியும். எடிக்கு மட்டும்தான் தெரியாது. தெரிந்தவன் அழலாம், திட்டலாம், எதிர்த்து நிற்கலாம். எதுவும் தெரியாதவனைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடக் கொடுமை.

பெரியப்பா கதையை அரைகுறையாக விட்டேன். அந்த லாரி உரிமையாளர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் காசு கொடுப்பார், சில நாள் கோர்ட்டுக்கே வந்து பரோட்டா வாங்கிக் கொடுப்பார். நல்ல மனுஷன், மறக்காமல் வருகிறான் என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்து வெகுநாள் கழித்து இன்னொரு டிரைவர் எங்களிடம் சொன்னார், வேறு இரண்டு லாரி தப்பிப் போவதற்காக அந்த ஒரு லாரியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைத்தது அந்த உரிமையாளர்தான் என்று. நாங்கள் அதிர்ந்து போனோம். பெரியம்மா அதிரவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. எனக்கு அப்பவே தெரியும், அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே சிநேகிதம் அதுதான், அதையும் கெடுக்க வேண்டாமென்று விட்டுவிட்டேன் என்றார். அத்தனை வருஷம் அதை அவர் ஒருத்தராகச் சுமந்திருக்கிறார்.

அந்த ஹாக்கி அரங்கத்தில் இயக்குநர் நம்மைப் பெரியம்மாவின் இடத்தில் உட்கார வைக்கிறார். உங்களுக்கு வலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படம் பார்த்து எத்தனை நாள் கழித்து இந்தக் கேள்வியை எழுதினீர்கள்? மறக்க முடியாமல்தானே எழுதினீர்கள்?

உண்மையில், நீங்கள் வேறொரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆசை. எடியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், டில்லனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பீட்டர் பாயில். அடுத்த வருஷமே 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் அந்த அரக்கனாக வந்து உலகத்தையே சிரிக்க வைத்தவர். பிற்பாடு 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' தொடரில் அந்தச் சிடுசிடு அப்பா. இங்கே அவர் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறார், பேச்சு கம்மி. ஃபோலியிடம் துப்புக் கொடுத்து இருபது டாலர் வாங்கிக்கொள்கிறார். எடியைக் கொல்லச் சொல்லி வந்தால் முன்பணம் கேட்கிறார். எடி எதிரே உட்கார்ந்து புலம்பும்போது கேட்டுக்கொள்கிறார். படத்தில் இவரைப்போல் நன்றாகக் கேட்கிறவர் வேறு யாரும் இல்லை. அதுதான் பயங்கரம். அன்போடு கேட்பதும் வேவு பார்க்கக் கேட்பதும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கின்றன. எடியின் மனைவி சமையலறையில் கேட்கும் காட்சி ஒன்று உண்டு, ஹெலெனா கேரல் என்ற நடிகை, கொஞ்ச நேரம்தான் வருகிறார். அதையும் டில்லன் கேட்பதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

இன்னொன்றும் கேட்டிருக்கலாம். கோவலனுக்காகக் கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குப் போனாளே, எடிக்காக யார் போனார்கள்? யாரும் போகவில்லை. எடி செத்த பிறகு படம் அவர் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. உடலைப் பந்துருட்டு விளையாட்டு நடக்கும் ஒரு கட்டடத்துக்கு வெளியே, காரிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கடைசிக் காட்சியில் ஃபோலியும் டில்லனும் பகல் வெளிச்சத்தில் நின்று பேசுகிறார்கள். ரிச்சர்ட் ஜோர்டன்தான் ஃபோலி. அந்த நிமிஷத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். அவருக்கு உள்ளே எல்லாம் தெரிந்திருக்கிறது என்றே நான் படிக்கிறேன். கேட்கவில்லை. டில்லன் இன்னும் உபயோகப்படுவான், அதனால் கேட்கவில்லை. அரசனே பொற்கொல்லனைத் துப்புச் சொல்கிற ஆளாக வைத்திருந்தால் கண்ணகி எந்த வாசலில் போய் நிற்பாள்?

2009-இல் கிரைடீரியன் நிறுவனம் நல்ல பிரதியாக வெளியிட்ட பிறகுதான் நிறையப் பேர் இந்தப் படத்தின் பக்கம் வந்தார்கள். உங்களிடம் இருப்பது மங்கலான பிரதி என்றால் அதைத் தேடுங்கள். ஹாக்கிக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். இந்தத் தடவை மிட்சத்தைப் பார்க்காதீர்கள், அவர் பேசிக்கொண்டிருக்கட்டும். பக்கத்தில் இருக்கிற பாயிலைப் பாருங்கள். பீரை நீட்டுகிற அந்தக் கையைப் பாருங்கள்.